காலேஜ்ல ஜெண்டர் ஆடிட்டுக்கு ஸ்டூடன்ட்ஸ்கிட்ட கருத்து கேக்கணும், எப்படி கேட்டா வாயத் தொறப்பாங்க?

கரிசக்காட்டு_டீச்சர்:

வணக்கம் மக்களே. நான் தென் மாவட்டத்துல ஒரு எய்டட் ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல அசிஸ்டன்ட் புரொபசர். சேந்து நாலு வருஷம் தான் ஆச்சு, டிபார்ட்மென்ட்ல நான் தான் ஜூனியர்ங்கிறதால எந்த கமிட்டி வந்தாலும் என் தலையில வந்து விழும். இந்த தடவ விழுந்தது ஜெண்டர் ஆடிட், அதாவது காலேஜ்ல ஆண் பெண் எல்லாரையும் சமமா நடத்துறோமான்னு பாக்குறது. காலேஜுக்கு தரம் பாத்து கிரேடு போடுற நாக் (NAAC) டீம் வர இன்னும் ஏழெட்டு மாசம் இருக்கு, ஏழாவது கிரைட்டீரியன்ல ஜெண்டர் ஈக்விட்டிக்கு என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க, அதனால ஸ்டூடன்ட்ஸ்கிட்ட கருத்து கேட்டு ஒரு ரிப்போர்ட் போட்டுருங்கம்மான்னு பிரின்சிபல் சொல்லிட்டாரு.

சரின்னு கூகுள் ஃபார்ம் ஒண்ணு ரெடி பண்ணி 20 கேள்வி போட்டு எல்லா கிளாஸ் வாட்ஸப் குரூப்லயும் அனுப்புனேன். மொத்தம் 1,600 பேர் படிக்கிறாங்க, பாதிக்கு மேல பொண்ணுங்க. வந்த பதில் 231. அதுலயும் "கல்லூரி வளாகத்தில் பாலின சமத்துவம் நிலவுகிறதா"ன்னு கேட்டதுக்கு கிட்டத்தட்ட எல்லாரும் "ஆம்". ஆலோசனை எழுதுங்கன்னு விட்ட கட்டத்துல "நத்திங்", "குட்", "நல்லா இருக்கு மேம்", ஒருத்தன் மட்டும் மனசு விட்டு "கேன்டீன்ல பரோட்டா போடுங்க"ன்னு எழுதியிருக்கான். பிரின்சிபலுக்கு ஒரே சந்தோசம், பாத்தீங்களா நம்ம காலேஜ்ல பிரச்சினையே இல்லன்னு.

எனக்கு தான் உறுத்திக்கிட்டே இருக்கு. போன வாரம் மத்தியானம் லேப்ல ஒரு பிள்ள மயங்கி விழுந்துட்டா, தண்ணி தெளிச்சு உக்கார வச்சு காலையில இருந்து என்னம்மா சாப்பிட்டன்னு கேட்டா சாப்பாடெல்லாம் சாப்பிட்டாளாம், தண்ணி தான் குடிக்கலயாம், ஏன்னு கேட்டா "பாத்ரூம் போகணும்ல மேம்"ங்கிறா. ஏதோ ரொம்ப சாதாரண விசயம் மாதிரி சொல்றா. இவளும் அந்த ஃபார்ம்ல "ஆம்"னு தான் போட்டிருப்பான்னு அப்ப தான் தோணுச்சு.

மறுபடியும் ஒழுங்கா கேக்கணும்னு நெனைக்கிறேன். பசங்கள பொண்ணுங்கள சேத்து உக்கார வச்சு கேக்கலாமா, தனித்தனியாவா? ஹாஸ்டல் டைமிங் பத்தி கேட்டா வார்டன் சண்டைக்கு வருவாங்க, கேக்கலாமா வேணாமா? எங்க காலேஜ்ல ஒரு திருநங்கை மாணவியும் படிக்கிறாங்க, அவங்கள தனியா கூப்பிட்டு பேசலாம்னு இருக்கேன், சரியா இருக்குமா? உங்க காலேஜ்ல யாராவது இத உருப்படியா பண்ணியிருந்தா சொல்லுங்க. ரெண்டு வாரம் டைம் இருக்கு.


நொய்யலாறு:

அம்மணி, நான் ரிட்டயர் ஆயி ரெண்டு வருசம் ஆச்சுங்க, அதுக்கு முன்னாடி ஆறு வருசம் எங்க காலேஜ் ஐசியில இருந்தேன், அதாவது உள்ளக புகார் குழு. நீங்க பண்ணுன தப்ப நானும் பண்ணியிருக்கேன், அதனால தைரியமா சொல்றேன்.

மொதல்ல அந்த ஃபார்ம் செட்டிங்ஸ தொறந்து பாருங்க. ஈமெயில் கலெக்ட் பண்றதுன்னு ஒண்ணு இருக்கும், உங்க காலேஜ் மெயில் ஐடியில பெரும்பாலும் ரிஜிஸ்டர் நம்பரே இருக்கும். பேரு கேக்கலைன்னு நாம நெனச்சுக்குவோம், அந்தப் புள்ளைக்கு ஃபார்ம் தொறந்ததுமே மேல அவ ஐடி தெரியுதுங்க, அப்பறம் எப்படி எழுதுவா? அத ஆஃப் பண்ணுனாலும் பத்தாது. டிபார்ட்மென்ட், வருசம், ஆணா பெண்ணா, ஹாஸ்டலா டே ஸ்காலரா, கம்யூனிட்டி என்ன, இவ்வளவையும் ஒரே ஃபார்ம்ல கேட்டா பேரே தேவையில்ல. நாங்க ஒரு வருசம் அப்படித் தான் கேட்டு வச்சோம், பிசிக்ஸ் ரெண்டாம் வருசத்துல ஹாஸ்டல்ல தங்குன எஸ்சி பொண்ணு ஒரே ஒருத்தி, அவ எழுதுனது எக்செல்ல தனி வரியா நின்னுச்சு. நல்லவேளை அந்த ஷீட்ட நான் மட்டும் தான் பாத்தேன். அன்னைக்கு இருந்து வருசமும் ஆண் பெண் மத்ததுங்கிறதும் மட்டும் தான் கேப்போம், பத்து பேருக்கு கம்மியா இருக்கற எந்த குரூப்பையும் ரிப்போர்ட்ல தனியா காட்ட மாட்டோம்.

ரெண்டாவது, "பாலின சமத்துவம் நிலவுகிறதா"ங்கறது கேள்வியே இல்லீங்க, அது பட்டிமன்றத் தலைப்பு. அதுக்கு ஆமான்னு தான் சொல்லுவாங்க. நேத்து காலேஜ்ல இருக்கும்போது எத்தன தடவ பாத்ரூம் போன, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல நீ போகாத இடம் எது, கடைசி பிராக்டிகல்ல மெஷின யாரு தொட்டா ரெக்கார்ட யாரு எழுதுனா, போன ஃபங்சன்ல வாசல்ல சந்தனத் தட்டு புடிச்சது யாரு, மைக் புடிச்சது யாரு, இப்படிக் கேளுங்க. நடந்தத கேட்டா நடந்தத சொல்லுவாங்க.

ஹாஸ்டல் டைமிங் தாராளமா கேளுங்க. யுஜிசி 2015ல கொண்டு வந்த ரெகுலேசன் இருக்குதுல்ல, பாலியல் துன்புறுத்தல் தடுப்பு பத்தினது, அதுலயே தெளிவா இருக்குங்க, பாதுகாப்புன்னு காரணம் சொல்லி பசங்க ஹாஸ்டலுக்கு இல்லாத பாரபட்சமான கட்டுப்பாட்ட பொண்ணுங்க ஹாஸ்டலுக்கு போடக் கூடாதுன்னு. டெல்லியில பிஞ்ச்ரா தோட்னு புள்ளைங்க கூண்ட ஒடைப்போம்னு கிளம்புனதும் அதே வருசம் தான். வார்டன் சண்டைக்கு வந்தா ரெகுலேசன பிரிண்ட் எடுத்து டேபிள்ல வச்சுட்டு டீ சொல்லுங்க.

அதே ரெகுலேசன்ல இன்னொண்ணு. ஸ்டூடன்ட்ஸ் சம்பந்தப்பட்ட விசயம்னா ஐசியில மூணு ஸ்டூடன்ட்ஸ் இருக்கணும், அதுவும் ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுத்து. எச்ஓடி, டீன், ரிஜிஸ்ட்ரார் மாதிரி பெரிய பதவியில இருக்கறவங்க குழுவுல இருக்கவே கூடாது. உங்க காலேஜ் ஐசி போர்ட்ல யாரு பேரு இருக்குன்னு நாளைக்கு காலைல போயி பாருங்க, எத்தன எச்ஓடி இருக்காங்கன்னு எண்ணிட்டு வந்து சொல்லுங்க. அதுக்கு மேல பேசுவோம்.


ஸ்பானர்_ராணி:

மேம் நான் மெக்கானிக்கல் ஃபைனல் இயர், சென்னை பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ். கிளாஸ்ல 58 பேர், அதுல பொண்ணுங்க 6. எங்களுக்கும் இந்த மாதிரி ஒரு மீட்டிங் வச்சாங்க, ஆடிட்டோரியத்துல, முன் வரிசையில எல்லா எச்ஓடியும், மேடையில ஒரு வக்கீல் மேம் ஒரு மணி நேரம் பேசுனாங்க, கடைசியில "எனி கொஸ்டீன்ஸ்?"னு கேட்டாங்க, யாரும் கை தூக்கல, நன்றியுரை, பிஸ்கட், டீ, குரூப் போட்டோ. அந்த போட்டோ தான் ரிப்போர்ட்ல இருக்கு, "ஸ்டூடன்ட்ஸ் கன்சல்டேசன்"னு கேப்சன் போட்டு.

நீங்க தயவுசெஞ்சு கிளாஸ் டியூட்டர உள்ள விடாதீங்க. இன்டர்னல் மார்க் போடுறவங்க முன்னாடி எவளும் பேச மாட்டா. எங்க காலேஜ்ல பசங்களுக்கு ஒரு மாடிப்படி பொண்ணுங்களுக்கு ஒரு மாடிப்படி, மாத்தி ஏறுனா ஃபைன், பஸ்ல கூட முன்னாடி பின்னாடி. இதுல எதுவுமே எங்களுக்கு பிரச்சினையா தோணாம பழகிருச்சு, அதான் மேம் கொடுமை. ஃபார்ம்ல நான் கூட "ஆம்"னு தான் போட்டிருப்பேன்.

2024 டிசம்பர்ல அண்ணா யுனிவர்சிட்டி கேம்பஸ்ல ஒரு ஸ்டூடன்ட்டுக்கு நடந்த பாலியல் வன்கொடுமை தெரியும்ல, அதுக்கப்புறம் எங்க வீட்ல எல்லாம் பயந்துட்டாங்க, காலேஜ்லயும் உடனே எல்லா பக்கமும் கேமரா போட்டாங்க. நல்லது தானேன்னு நெனச்சோம். இப்ப அந்த கேமராவ வச்சு என்ன நடக்குது தெரியுமா, யாரு யாரு கூட கேன்டீன் வாசல்ல நின்னு பேசுனான்னு பாத்து வீட்டுக்கு போன் போகுது. ஆனா ஒர்க்‌ஷாப் பின்னாடி லைட் எரியாம ஒரு வழி இருக்கு, அங்க லைட் போடுங்கன்னு மூணு வருஷமா கேக்குறோம், அது வரல. லைட்டுக்கு ஆகுற செலவு கேமராவ விட கம்மி தானே?

அப்புறம் நாப்கின் மெஷின். எல்லா ரிப்போர்ட்லயும் அது போட்டோ இருக்கும். எங்க பிளாக்ல இருக்குற மெஷின்ல நான் ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு தடவ அஞ்சு ரூபா காயின் போட்டேன், காயின் இன்னும் உள்ள தான் இருக்கு.


சிங்கக்குட்டி_மாம்ஸ்:

எல்லாம் பொண்ணுங்களுக்கு தானே குடுத்துட்டு இருக்காங்க. ஃப்ரீ பஸ், மாசம் 1000 ரூபா, ஹாஸ்டல், இன்னும் என்ன சமத்துவம் வேணும்? தமிழ்நாட்டுல காலேஜ்ல பசங்களுக்கு சமமா பொண்ணுங்களும் சேருறாங்க. பசங்கள பத்தி யாராவது ஆடிட் பண்ணுங்கப்பா.


நொய்யலாறு:

தம்பி, சேர்றது வேற, சேந்த எடத்துல எப்படி இருக்காங்கங்கறது வேற. 2021-22 மத்திய அரசு கணக்குல தமிழ்நாட்டுல உயர்கல்வி சேர்க்கை 47 சதவீதம், நாடு முழுக்க 28.4 தான், நம்ம புள்ளைங்க பையனுக்கு சமமா வந்துட்டாங்க, சந்தோசம். அந்தக் கணக்குல பாத்ரூம் தாப்பா வராதுங்க. அப்பறம் மாசம் 1000 ரூபா பையனுக்கும் வருது, 2022ல புதுமைப்பெண் வந்துச்சு, 2024 ஆகஸ்ட்ல தமிழ்ப் புதல்வன் வந்துருச்சு. ஆனா பசங்கள பத்தியும் கேக்கணும்னு சொன்னீங்களே, அது சரி.


வைகை_எக்ஸ்பிரஸ்:

மேல மாம்ஸ் கேட்டது கோவத்துல கேட்டாலும் ஒரு விசயம் இருக்குக்கா, நான் மதுரைல பிகாம் முடிச்சு மூணு வருசம் ஆகுது, சொல்றேன் கேளுங்க.

எங்க கிளாஸ்ல பாதிப் பயலுக நைட்டு வேலைக்கு போவாய்ங்க. கேட்டரிங், மண்டபத்துல பந்தி பரிமாறுறது, பைக் இருந்தா டெலிவரி. ராத்திரி ஒண்ணு ரெண்டு மணிக்கு வந்து படுத்து காலையில ஃபர்ஸ்ட் ஹவர்ல தூங்குவாய்ங்க, வாத்தியார் எந்திரிச்சு வெளிய போடாம்பாரு, அட்டென்டன்ஸ் போயிரும், கடைசியில அட்டென்டன்ஸ் கொறஞ்சதுக்கு கண்டோனேசன் ஃபீஸ் கட்டணும், அதுக்கு இன்னும் ரெண்டு நைட்டு வேல. ஆம்பளப் பய தூங்குனா திமிரு, ஊரு சுத்துறான், தண்ணியப் போட்டிருப்பான்னு முடிவு பண்ணிருவாக. யாரும் என்னடான்னு கேக்க மாட்டாக. இதுவும் ஜெண்டர் தானேக்கா?

இன்னொண்ணு, எங்க கிளாஸ்ல ஒருத்தன் கொஞ்சம் மெதுவா பேசுவான், நடை வேற மாதிரி இருக்கும், அவன என்னென்ன பேரு சொல்லி கூப்பிட்டோம்னு இப்ப நெனச்சா சங்கட்டமா இருக்கு. நானும் தான் கூப்பிட்டேன். செகண்ட் இயர் பாதியில நின்னுட்டான். ஃபீஸ் கட்ட முடியலன்னு சொன்னாய்ங்க, ஃபீஸ் அவன் கட்டிட்டான், எனக்குத் தெரியும்.

அப்புறம் தனித்தனியா கேக்கலாமா சேத்து கேக்கலாமான்னு கேட்டீக. உங்க ஊரு பக்கம்னா கண்டிப்பா தனித்தனியா கேளுங்க, ஏன்னா பொண்ணு கிளாஸ்ல என்ன பேசுச்சுன்னு அன்னைக்கு சாயங்காலமே ஊருக்கு போயிரும். அதே ஊர்க்காரப் பய, அதே தெருக்காரப் பய பக்கத்து பெஞ்சுல உக்காந்திருப்பான், தங்கச்சிய பாத்துக்கடான்னு அவன்கிட்ட சொல்லி தான் அனுப்பியிருப்பாக. கையில கட்டியிருக்க கயிறு கலரு பாத்து பழகுற காலேஜ்ல பொண்ணு யாருகூட பேசுதுங்கிறது அவ விசயம் இல்ல, சாதி விசயம். நீங்க ஜெண்டர்னு கேட்டா சாதி வந்து விழும், அத ஒதுக்கி வச்சிராதீக. 2023ல நாங்குநேரியில சாதி வெறில ஒரு பையன கூடப் படிச்சவய்ங்களே வெட்டுனதுக்கு அப்புறம் நீதியரசர் சந்துரு கமிட்டி ரிப்போர்ட் குடுத்தாருல்ல, ஸ்கூல்ல கயிறு கட்டக் கூடாதுன்னு. ஸ்கூல்ல கட்டுனவன் தான காலேஜ்க்கு வாரான்.


மஞ்சள்_கிழங்கு:

டீச்சர், நான் திருநங்கை, டிகிரி முடிச்சுட்டேன், இப்ப வேலைக்கு போயிட்டு இருக்கேன். உங்க போஸ்ட்ல மத்ததெல்லாம் சரி, கடைசி வரி படிச்சதும் திக்குன்னு இருந்துச்சு. தென் மாவட்டம், எய்டட் காலேஜ், ஒரே ஒரு திருநங்கை மாணவி, இவ்வளவும் இங்க எழுதிட்டீங்க. உங்க மாணவி ஒருத்தர் இத படிச்சா யாருன்னு தெரிஞ்சுரும்ல. முடிஞ்சா எடிட் பண்ணிருங்க. கோவமா சொல்லல.

தனியா கூப்பிட்டு பேசுறது வேணாம். எங்க காலேஜ்ல என்னைய அப்படித் தான் கூப்பிட்டாங்க, பிரின்சிபல் ரூம், ஏசி, ஜூஸ் எல்லாம் குடுத்தாங்க, "உனக்கு என்னம்மா வேணும் சொல்லு"ன்னாங்க. என்ன சொல்றது? அடுத்த வாரம் மகளிர் தினத்துக்கு மேடையேத்தி சால்வ போட்டாங்க. வேண்டாம்னு சொல்ல முடியல. அன்னைக்கு வரைக்கும் என்னைய பத்தி தெரியாத காமர்ஸ் பிளாக்குக்கும் தெரிஞ்சு போச்சு.

எல்லாருக்கும் போற கேள்விலயே எனக்கும் இடம் வச்சிருந்தா போதும். ஃபார்ம்ல "மற்றவை"ன்னு போடாதீங்க, அரசாங்கமே 2022ல அரசிதழ்ல சொல்லெல்லாம் வெளியிட்டிருக்கு, திருநங்கை, திருநம்பின்னு அழகா சொல்லு இருக்கும்போது மற்றவை எதுக்கு? "சொல்ல விரும்பவில்லை"ன்னு ஒரு கட்டமும் வைங்க. அப்புறம் உச்ச நீதிமன்றம் 2014ல நால்சா தீர்ப்புல சொன்னது, எங்க பாலினம் என்னன்னு நாங்க சொல்றது தான்னு. ஆனா காலேஜ் அட்டென்டன்ஸ்ல பழைய பேரு தான் இருக்கும், சர்டிபிகேட்ல மாத்தி வர்ற வரைக்கும் நாங்க என்ன பண்றது, தினமும் அஞ்சு ஹவர், அஞ்சு தடவ, 60 பேர் முன்னாடி அந்தப் பேர கூப்பிடுவாங்க. எனக்கு ஒரு தமிழ் சார் மட்டும் ரிஜிஸ்டர் நம்பர் சொல்லி கூப்பிடுவாரு, எனக்காக மட்டும் இல்ல, கிளாஸ் முழுக்க எல்லாரையும் நம்பர் சொல்லி தான் கூப்பிடுவாரு. யாருக்கும் எதுவும் தெரியல. எனக்குத் தெரியும். அவரு கிளாஸ் ஒண்ணு கூட நான் லீவு போட்டதில்ல.

பாத்ரூமுக்கு தனியா கட்டணும்னு சொல்வாங்க, ஃபண்ட் இல்லன்னும் அவங்களே சொல்வாங்க. மாற்றுத்திறனாளிகளுக்கு சாய்தளம் வச்சு ஒண்ணு கட்டி பூட்டி வச்சிருப்பாங்கல்ல, அத தொறந்து சாவிய எடுத்துருங்க. வீல்சேர்ல வர்ற பிள்ளையும் போகட்டும், நானும் போறேன்.


பனங்கொட்டை_யாழ்:

வணக்கம் ரீச்சர், நான் யாழ்ப்பாணம், கம்பஸ் முடிச்சு கொஞ்ச வருசமாச்சு. உங்கட பிரச்சினைய வாசிக்கேக்க எங்கட கதை மாதிரியே கிடக்கு, அதால எழுதுறன்.

இலங்கையில கம்பஸுக்கு எடுபடுற ஆக்களில 60 வீதத்துக்கு மேல பெம்பிளைப் பிள்ளையள் தான். எங்கட ஃபக்கல்ற்றியில பாத்தா பெட்டையள் தான் நிறைஞ்சு இருப்பினம். ஆனா யூனியன் தலைவர் ஆர் எண்டு பாத்தா ஒவ்வொரு வருசமும் ஒரு பெடியன். உபதலைவருக்கு ஒரு பெட்டையப் போடுவினம், கூட்டத்துக்கு ரீ ஊத்துறதும் அவா தான். எண்ணிக்கை கூடினா எல்லாம் சரி வந்திடும் எண்டு சொல்லுறது சும்மா கதை.

நான் சொல்ல வந்தது என்னெண்டா, எப்ப கேக்கிறியள் எண்டதையும் யோசியுங்கோ. எங்களிட்ட முதலாம் வருசம் முதல் செமெஸ்ரரில வந்து கருத்துக் கேட்டவை. பகிடிவதை, உங்கட பாசையில ராகிங், நடக்கிற நேரம் அது. 1998 ஆம் ஆண்டே பகிடிவதைக்கு எதிரா சட்டம் வந்திட்டுது, ஆனா சீனியர் அக்காமார் சொன்ன மாதிரித் தான் உடுக்க வேணும், தலை பின்ன வேணும், எந்தப் பெடியனோட கதைக்கலாம் எண்டதையும் அவை தான் சொல்லுவினம். பேப்பரைத் தந்து எழுதச் சொல்லேக்க பின்னால சீனியர் நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவா. நான் என்னத்த எழுதுறது? "மிகவும் திருப்தி" எண்டு எழுதினன். பிறகு நாங்கள் சீனியரா வந்தாப் பிறகு நாங்களும் அதையே செய்தனாங்கள், அதையும் ஒளிக்காமச் சொல்ல வேணும். பெம்பிளையளைக் கட்டுப்படுத்திறது எப்பவும் ஆம்பிளையள் எண்டு நினைச்சுக் கேள்வி தயாரிச்சா இது பிடிபடாது ரீச்சர்.


கரிசக்காட்டு_டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மொதல்ல மஞ்சள்_கிழங்கு அக்கா, மன்னிச்சிருங்க, எனக்கு உறைக்கவே இல்ல. மேல எடிட் பண்ண பாத்தேன், டைம் முடிஞ்சுருச்சுன்னு வருது, மாடரேட்டருக்கு எழுதியிருக்கேன். தனியா கூப்பிடுற யோசனைய விட்டுட்டேன்.

நொய்யலாறு மேம், போர்ட்ல போய் எண்ணுனேன். ஒம்போது பேர்ல நாலு எச்ஓடி. ஸ்டூடன்ட்ஸ் கட்டத்துல மூணு பேர் பேரு இருக்கு, அதுல ரெண்டு பேர் 2021லயே பாஸ் பண்ணி போயிட்டாங்க.


கரிசக்காட்டு_டீச்சர்:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், நடந்தத சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

ஃபார்ம தூக்கி போட்டுட்டேன். காலேஜ் மேப்ப பெரிய சார்ட்ல வரைஞ்சு காப்பி எடுத்து, சிவப்பு பச்சை பொட்டு ஸ்டிக்கர் வாங்கிட்டு வந்தேன், செலவு 340 ரூபா. பச்சைனா நான் நிம்மதியா நிக்கிற இடம், சிவப்புன்னா நான் தவிர்க்கிற இல்ல வேகமா கடந்து போற இடம், பேர் எழுத வேணாம், ஏன்னு சொல்லணும்னா துண்டுச் சீட்டுல எழுதி டப்பால போடுங்க, அவ்வளவு தான். பக்கத்து ஊர் காலேஜ்ல இருந்து என் பிரண்டு ஒருத்தி வந்து நடத்துனா, நான் வெளிய நின்னுட்டேன், எங்க ஸ்டாஃப் யாரும் உள்ள போகல. பொண்ணுங்க எட்டு குரூப்பா, பசங்க ஆறு குரூப்பா தனித்தனியா. மூணாவது நாள் ரெண்டு மேப்பையும் செமினார் ஹால் செவுத்துல பக்கத்து பக்கத்துல ஒட்டி எல்லாரையும் பாக்க விட்டோம்.

கிரவுண்ட் பசங்க மேப்ல முழுக்க பச்சை, பொண்ணுங்க மேப்ல ஒரு பொட்டு கூட இல்ல, சிவப்பும் இல்ல பச்சையும் இல்ல, அப்படி ஒரு இடம் இருக்கிறதே அவங்க கணக்குல இல்ல. சிவப்பு அப்பிக் கெடந்தது ரெண்டு இடம், பின்னாடி பாத்ரூமும் பஸ் ஸ்டாப்பும். பாத்ரூம் பத்தி மட்டும் 70 சீட்டுக்கு மேல, அஞ்சு கதவுல மூணுல தாப்பா இல்ல, ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய நின்னு கதவப் புடிச்சுக்கணும், கூட வர ஆள் இல்லன்னா போறதில்ல. அதான் தண்ணி குடிக்கிறதில்ல. தாப்பா மேம், வெறும் தாப்பா. பஸ் ஸ்டாப்ல பொண்ணுங்க மட்டும் நின்னா டவுன் பஸ் சில சமயம் நிக்காம போயிருதாம், டிக்கெட் இல்லாத கூட்டம்னு. பசங்க ரெண்டு பேர் முன்னால நின்னு கை காட்டுனா தான் நிக்குதாம்.

லைப்ரரில ஒரு வேடிக்கை. அது எட்டு மணி வரைக்கும் தொறந்திருக்கும், நாக் ரிப்போர்ட்ல பெருமையா போட்டிருக்கோம். பொண்ணுங்க ஹாஸ்டல் கேட் ஆறு மணிக்கு, பசங்களுக்கு ஒம்போதரை. ஆறுல இருந்து எட்டு வரைக்கும் அது பசங்க லைப்ரரி. எனக்கும் இத்தன வருசம் தோணல, அந்த நேரம் நான் பஸ்ல இருப்பேன்.

பசங்க மேப்லயும் சிவப்பு இருந்துச்சு, வைகை தம்பி சொன்ன மாதிரி தான். பழைய பிளாக் மாடிப்படிக்கு கீழ ஒரு இடம், ஏழெட்டு சீட்டு, "அங்க நின்னு ஓட்டுவாங்க"ன்னு. ஒரு சீட்டுல "நான் பேசுற விதத்த மிமிக்ரி பண்ணுவாங்க, அதனால நான் சுத்திப் போவேன்"னு இருந்துச்சு. கயிறு பத்தியும் வந்துச்சு, அது தனியா எழுதுற அளவுக்கு இருக்கு, இன்னொரு நாள்.

மேப்ப பிரின்சிபலே வந்து பாத்தாரு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. தாப்பா அந்த வாரமே போட்டாச்சு, பக்கெட்டும் வாங்கியாச்சு. சாய்தள பாத்ரூம் தொறந்தாச்சு. அட்டென்டன்ஸ் எல்லாருக்கும் நம்பர் சொல்லி தான் கூப்பிடணும்னு சர்க்குலர் வந்துருக்கு, காரணம் "நேரம் மிச்சப்படுத்த"ன்னு போட்டிருக்கேன். ஹாஸ்டல் டைமிங்குக்கு பேரன்ட்ஸ் மீட்டிங் வைக்கணும்ங்கிறாங்க, அது இழுக்கும். கேன்டீன்ல பரோட்டா மட்டும் யாரும் மீட்டிங் போடாமயே வந்துருச்சு.

இப்ப எனக்கு ராத்திரி தூக்கம் வராதது வேற விசயம். டப்பால ஒரு சீட்டு இருந்துச்சு, ஒரு ஸ்டாஃப் பேரும், லேப் முடிஞ்சு எல்லாரும் போனதுக்கு அப்புறம்னும் ஒரு வரியும். பொண்ணா பையனான்னு கூட தெரியல. என் பிரண்டு மடிச்சு என் கையில குடுத்தா. யார்கிட்டயும் சொல்லல. என்ன பண்றது?


நொய்யலாறு:

அம்மணி, மொதல்ல கையெழுத்த ஒப்பிட்டுப் பாக்காதீங்க. மனசு அதத் தான் செய்யச் சொல்லும். ரெக்கார்ட் நோட்ட எடுத்து வச்சு தேட ஆரம்பிச்சீங்கன்னா அந்தப் புள்ளைய நீங்களே காட்டிக் குடுத்த மாதிரி.

பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்பு பத்தின 2013 சட்டப்படி ஐசிக்கு எழுத்துல புகார் வேணும், நடந்து மூணு மாசத்துக்குள்ள, தகுந்த காரணம் இருந்தா இன்னொரு மூணு மாசம் குழு நீட்டிக்கலாம். எழுத முடியலைன்னா எழுத உதவி பண்றது குழுவோட கடமை. பேரில்லாத சீட்ட வச்சு விசாரணை ஆரம்பிக்கறது கஷ்டம். அதுக்காக சும்மா இருக்க வேண்டியதில்லீங்க. ஐசி தலைவர் நம்பிக்கையான ஆளுன்னா சீட்ட மூடுன கவர்ல அவங்க கையில மட்டும் குடுங்க, வாய்மொழியா யாருகிட்டயும் சொல்லாதீங்க, வெளியில விடறது சட்டப்படியே தப்பு. லேப் முடிஞ்சதும் அட்டெண்டர் இருந்து பூட்டணும், ஒத்தப் புள்ளைய நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு எல்லா லேபுக்கும் பொதுவா ஒரு நடைமுறை கொண்டு வரலாம், ஒரு டிபார்ட்மென்ட்ட மட்டும் காட்டாதீங்க. அப்பறம் அந்த போர்ட மாத்துங்க. பாஸ் ஆன புள்ளைங்க பேர எடுத்துட்டு தேர்தல் வச்சு புதுப் பேரு போட்டு, வெளியில இருந்து வர்ற உறுப்பினர் நம்பரும் போட்டு, பொண்ணுங்க பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. பசங்க பாத்ரூம்லயும் ஒட்டுங்க, அந்த யுஜிசி ரெகுலேசன் பசங்களையும் திருநர்களையும் சேத்துத் தான் பேசுது.

ஐசியில நாலு எச்ஓடின்னு சொன்னீங்க. அந்த சீட்டுல இருக்கற பேரு அதுல ஒண்ணான்னு நான் கேக்கல. நீங்களும் இங்க சொல்லாதீங்க.


கரிசக்காட்டு_டீச்சர்:

சொல்லல மேம். சீட்டு என்கிட்ட பத்திரமா இருக்கு. கவர் நாளைக்கு காலையில குடுக்கலாம்னு இருந்தேன், அதுக்கு முன்னாடி வெளி உறுப்பினர்கிட்ட பேசிக்கிறேன், போர்ட்ல நம்பர் இல்ல, ஆபீஸ் ஃபைல்ல இருந்து எடுத்துட்டேன்.